பந்து எங்கே போச்சு ப்ரோ?

அண்ணா சாலையில் தாம்பரம் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். நந்தனம் தாண்டி சைதாப்பேட்டை வருவதற்குள், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரே பச்சை. மரம், புல், மறுபடி மரம்!

"உள்ளே என்னடா இருக்கு?"

"கோல்ஃப்டா. பணக்காரங்க விளையாடுறது."

அவ்வளவுதான். பேச்சு முடிவதற்குள் சைதாப்பேட்டை ஸ்டாப் வந்துவிடும். மூன்று வருஷம் அதே ரூட்டில் காலேஜ் போய் வந்த நானும் அந்தச் சுவரைத் தாண்டி யோசித்ததில்லை. போன மாதம் நண்பனின் மாமா ஒருவர், "நான் அங்கே மெம்பர்தான். என் கெஸ்ட்டா வாங்கடா, ஒரு நாள் கத்துக்கிட்டுப் பாருங்க"ன்னு கூப்பிட்டார். கூடவே ஒரு கண்டிஷனும் போட்டார். ஜீன்ஸ் கூடாது, காலர் இல்லாத டி-ஷர்ட் கூடாது, காலில் ஷூ இருக்கணும். நம்ம வார்ட்ரோபில் காலர் வைத்த டி-ஷர்ட்டைத் தேடுவதே ஒரு தனி விளையாட்டு, பாஸ்!

ஞாயிறு காலை ஆறு மணி. டி.என்.ஜி.எஃப். காஸ்மோ கோல்ஃப் மைதானம். மொத்தம் 18 குழிகள். வெளியே அண்ணா சாலை உறுமிக்கொண்டிருக்க, உள்ளே புல்லில் ஈரம். ஆள்காட்டிக் குருவி ஒன்று, புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்கன்னு ஊருக்கே சொல்லிக்கொண்டு பறந்தது. கொக்குகள் மட்டும் மெம்பர்ஷிப் கார்டு இல்லாமல் ஹாயாக நடந்துகொண்டிருந்தன.

எங்களை நேராகக் குழிப் பக்கம் விடவில்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இடம் டிரைவிங் ரேஞ்ச். கீழே பாய் மாதிரி ஒரு மேட், பக்கத்தில் பக்கெட் நிறையப் பந்து, எதிரே 50, 100, 150 என்று தூரம் எழுதிய போர்டுகள். இங்கே கணக்கு எல்லாம் கஜத்தில்தான்.

"கொஞ்சம் இருங்க, ப்ரோ வந்துடுவார்" என்றார் மாமா.

அறுபது வயதுக்காரர் யாரை 'ப்ரோ' என்கிறார்னு நாங்க முழித்தோம். அப்புறம்தான் புரிந்தது. நம்ம ஊரில் ப்ரோ என்றால் பிரதர். கோல்ஃப் மைதானத்தில் ப்ரோ என்றால் புரொஃபஷனல், அதாவது ஆட்டம் சொல்லித்தருகிற வாத்தியார். நாம நேற்று ஆரம்பித்த 'ப்ரோ'வை இவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

வந்தார். நாற்பத்தஞ்சு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெயிலில் காய்ந்த முகம், தலையில் தொப்பி. ஒரு விஷயம் வித்தியாசமாக இருந்தது. வலது கை நல்ல கறுப்பு, இடது கை மட்டும் வெளுப்பு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"கிளவுஸ் தம்பி. இடது கையில மட்டும் போடுவோம். பன்னெண்டு வருஷமா போடுறேன். அதுக்கு முன்னாடி எனக்கும் ரெண்டு கையும் ஒரே கலர்தான்."

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க சார்?"

"கேடி" என்றார் சிரித்துக்கொண்டே.

நண்பன் ஒரு அடி பின்னால் போய்விட்டான்!

பஸ் கம்பி இல்ல தம்பி!

பயப்பட வேண்டாம் மக்களே. போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டுகிற கேடி இல்லை. கோல்ஃபில் ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்குப் பெயர் கேடி. ஒரு ஆட்டக்காரர் பையில் அதிகபட்சம் 14 மட்டை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். 18 குழியையும் சுற்றி முடிக்க ஏழெட்டு கிலோமீட்டர் நடை, நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வேலையை இருபது வருஷம் செய்தவர்தான் நம்ம வாத்தியார். "எந்த மைதானம் சார்?" என்றால், "இங்க இல்ல, வேற இடம். பேரு எதுக்கு தம்பி? பை எங்க தூக்குனாலும் அதே கனம்தான்" என்று முடித்துவிட்டார்.

பதினாலு மட்டையில் எங்கள் கையில் கொடுத்தது ஒன்றே ஒன்று. 7-அயர்ன். "கத்துக்கிற வரைக்கும் இது போதும். செட் வாங்கிட்டு வர்றேன்னு சொல்றவனை நான் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

முதல் பாடம், பிடி. நான் மட்டையைப் பிடித்த பிடியைப் பார்த்து, "தம்பி, இது பஸ் கம்பி இல்ல. சின்னக் குழந்தை கையைப் பிடிச்சு ரோடு க்ராஸ் பண்ணுவேல்ல? அழுத்திப் பிடிச்சா அழும், லூசா விட்டா ஓடிடும். அப்படிப் பிடி" என்றார். வலது கைச் சுண்டுவிரல் இடது கை ஆள்காட்டி விரல் மேல் போய் உட்கார வேண்டும். சொல்ல ஈஸி. செய்து பார்த்தால் விரல்கள் எல்லாம் வேற யாரோடதோ மாதிரி இருக்கும்!

இரண்டாவது பாடம், நிற்பது. கால் இரண்டும் தோள் அகலத்துக்கு. முழங்கால் லேசாக மடங்கணும். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனியணும். "இப்ப சுத்து."

சுற்றினேன். காற்று சுளீர்னு வந்தது. பந்து இருந்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அடுத்து நண்பன். அவன் காலேஜ் டீம் ஓப்பனிங் பேட்ஸ்மேன். இடது முழங்கையைத் தூக்கி ஒரு கவர் டிரைவ் விட்டான். மேட் நகர்ந்தது, பந்து நகரவில்லை. நின்றுகொண்டிருக்கிற பந்து ரெண்டு இன்ஜினீயரிங் பட்டதாரிகளைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

"கிரிக்கெட்ல பந்து உன்னைத் தேடி வருது, அதுக்குத் தக்கன நீ ஆடுற. இங்க அது சும்மா கிடக்கு. அதனால தப்பு எல்லாம் உன்னோடதுதான்" என்றார் வாத்தியார், ரொம்ப அமைதியாக.

அடுத்த தப்பு, பந்தை மேலே தூக்கணும்னு அடியில் மட்டையை விட்டு நெம்புவது. புதுசா வருகிற எல்லோரும் இதைச் செய்வார்களாம். "கிட்டிப்புள் ஆடியிருக்கியா?" என்று கேட்டார். ஆடியிருக்கிறோம். "புள்ளோட மூக்குல எப்படித் தட்டுவே? கீழ்நோக்கித்தானே? புள் எங்க போகும்? மேல! இதுவும் அதேதான். நீ கீழ தட்டு, மேல தூக்குற வேலையை மட்டையோட சாய்வு பார்த்துக்கும்."

நாலு செமஸ்டர் மெக்கானிக்ஸ் படித்த எங்களுக்கு அது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பந்து மேல் இருக்கிற சின்னச் சின்னப் பள்ளங்களுக்கும் காரணம் கேட்டேன். "அது இல்லாம வழவழன்னு இருந்தா பாதி தூரம்தான் போகும்" என்றார். பள்ளங்கள் பந்தை ஒட்டி ஓடும் காற்றைக் கலக்கி, பின்பக்கம் இழுக்கிற விசையைக் குறைக்கின்றன. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரீட்சையில் நான் சாய்ஸில் விட்ட கேள்வி அது!

பார்க்குறது கேடி வேலை

இருபது பந்து ஆன பிறகு மட்டை பந்தில் படத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு தடவையும், அடித்த நொடியே எங்க போச்சுன்னு பார்க்கத் தலை தானாக நிமிர்ந்துவிடும். தலை நிமிர்ந்தால் தோள் நிமிரும், தோள் நிமிர்ந்தால் மட்டை பந்தின் மண்டையில்தான் உரசும். பந்து தரையிலேயே ஓடி ஒளியும்.

வாத்தியார் வந்து, ஒரு மட்டையின் கைப்பிடியை என் நெற்றியில் லேசாக வைத்துக்கொண்டார். "இப்ப அடி. தலையைத் தூக்குனா இடிக்கும். பந்து எங்க போச்சுன்னு நீ பார்க்காதே. அது கேடியோட வேலை."

அடித்தேன். தலையைத் தூக்கினேன். இடித்தது.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "நீங்க யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லித்தருவாங்க? பார்த்துக் கத்துக்கிட்டதுதான்."

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்பாவும் கேடி. பதினாலு வயதில் அப்பா தோளிலிருந்த பை இவர் தோளுக்கு வந்தது. கேடியின் முக்கியமான வேலை பை தூக்குவது இல்லையாம். அடித்த பந்தைக் கண்ணால் பிடித்து, அது விழுந்த இடத்தை மறக்காமல் இருப்பது. புதருக்குள் போனாலும் கண்டுபிடித்துத் தரணும். பந்தின் அகலம் 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்பெல்லாம் தேடுவதற்கு ஐந்து நிமிஷம் உண்டு. 2019-ல் விதியை மாற்றி மூன்று நிமிஷமாக்கிவிட்டார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகக் கணக்கு, ஆட்டக்காரருக்கு அபராதம் ஒரு அடி.

"பந்து எங்க போகும்னு முன்கூட்டியே தெரிஞ்சாத்தானே தம்பி நேரத்துக்குள்ள எடுக்க முடியும்? அதனால நான் பந்தைப் பார்க்குறதை விட்டுட்டு, அடிக்கிறவங்க கையையும் தோளையும் பார்க்க ஆரம்பிச்சேன். தோள் இப்படித் திரும்புனா பந்து வலது பக்கம் வளையும். மட்டை முகம் மூடியிருந்தா இடது பக்கம் ஓடும். இருபது வருஷம், எத்தனை டாக்டர், எத்தனை வக்கீல், எத்தனை கம்பெனி முதலாளி... எல்லாரோட தப்பையும் பார்த்தாச்சு. அதுதான் என் காலேஜ்."

பார்த்ததை அடித்துப் பார்க்கக் கிடைத்தது திங்கட்கிழமை மட்டும். நம்ம நாட்டில் பல கிளப்களில் அன்றைக்கு மெம்பர்களுக்கு ஆட்டம் கிடையாது, கேடிகள் ஆடிக்கொள்ளலாம். மெம்பர் ஒருவர் தூக்கிப் போட்ட உடைந்த 7-அயர்னுக்குப் புதுக் கம்பி போட்டு, அந்த ஒரு மட்டையிலேயே தூரம் அடிப்பது, மணலிலிருந்து எடுப்பது, குழியில் தள்ளுவது என்று எல்லாமே பழகியிருக்கிறார். எங்கள் கையில் ஏன் 7-அயர்ன் கொடுத்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இது இவர் ஒருத்தர் கதை மட்டும் இல்லை. மும்பை செம்பூரில் கேடி பசங்க இரும்புக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, வீட்டுச் சந்துகளிலேயே கோல்ஃப் ஆடினார்கள். இந்தியன் ஓபன் போட்டி 1964-ல் தொடங்கியது. அடுத்த வருஷமே பி.ஜி.சேத்தி என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் ஜெயித்தார். அதன் பிறகு இன்னொரு இந்தியர் அந்தக் கோப்பையைத் தொட 26 வருஷம் ஆனது. 1991-ல் அதைத் தூக்கியவர் அலி ஷேர். டெல்லியில் கேடியாக இருந்தவர்! 1993-லும் அவரே. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கிளப், 1829-ல் தொடங்கியது. அங்கே புல்லைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி.சௌராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் அதே கோப்பையை ஜெயித்தார். அவரும் யாரிடமும் முறையாகப் படிக்காதவர்தான்.

"2009-ல பெங்களூர் முனியப்பா ஜெயிச்சார் பாருங்க" என்று வாத்தியார் எழுந்தேவிட்டார். சி.முனியப்பாவும் பெங்களூரில் கேடியாக இருந்தவர். "அன்னிக்கு எங்க கேடி ஷெட்ல கேசரி கிண்டிச் சாப்பிட்டோம். அவரை நாங்க நேர்ல பார்த்ததுகூட இல்ல. ஆனா நம்ம ஆளு!"

அப்பா தொழில்?

டீ வந்தது. நண்பன் கொஞ்சம் வாய்த்துடுக்கு. "ஊருக்குள்ள விளையாட கிரவுண்டே இல்ல, சார். கொஞ்சம் பேருக்காக இவ்வளவு இடமா?" என்று கேட்டுவிட்டான். மாமா முகம் மாறியது. வாத்தியார் மாறவில்லை.

கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் பல பத்தாண்டுகளாக இருந்தது. 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து, அந்த 160 ஏக்கர் சொச்சம் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. வழக்கு கோர்ட்டுக்கும் போனது. அந்தச் செய்தியை நாங்கள் பேப்பரில் படித்ததோடு சரி. வாத்தியார் வேற மாதிரி படித்திருக்கிறார்.

"பார்க்கு வேணும், குளம் வேணும். நான் வேணாம்னு சொல்வேனா? நானும் பார்க்குல உட்கார்ற ஆளுதானே. ஆனா ஒரு கிரவுண்டு மூடுனா மெம்பர் கார்ல ஏறி வேற கிரவுண்டுக்குப் போயிடுவார் தம்பி. பை தூக்குறவன் எங்க போவான்னு கேட்டுட்டு யாரும் எழுதல. அதை மட்டும்தான் சொல்றேன்."

நண்பன் டீயைக் குடித்து முடிக்கும் வரை எதுவும் பேசவில்லை.

வாத்தியாருக்கு ஒரு மகள். பி.காம். இரண்டாம் வருஷம். அவள் எட்டாவது படிக்கும்போது, வகுப்பில் ஒவ்வொருத்தராக எழுப்பி 'அப்பா என்ன வேலை?' என்று கேட்டிருக்கிறார்கள். இவள் எழுந்து, "கேடி" என்றாளாம். கிளாஸே சிரித்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதவள், அடுத்த வருஷத்திலிருந்து 'கூலி' என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"அது பரவாயில்லையாம்!" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலேஜ் அப்ளிகேஷன் நிரப்பும்போது, "இப்ப என்னப்பா எழுத?" என்று கேட்டிருக்கிறாள். "கோல்ஃப் கோச்னு எழுதும்மா." உடனே அடுத்த கேள்வி. "அதுக்கு சர்ட்டிஃபிகேட் இருக்காப்பா?"

இல்லை. சொல்லித்தருகிறவர்களில் முறையாகப் பயிற்சிக் கோர்ஸ் முடித்தவர்களும் இருக்கிறார்கள், இவரைப் போல அனுபவத்தில் வந்தவர்களும் இருக்கிறார்கள். நேஷனல் கோல்ஃப் அகாடமி பயிற்சியாளர்களுக்கு என்றே கோர்ஸ் நடத்துகிறது. அதில் சேர வேண்டும் என்று இப்போது முடிவு செய்திருக்கிறார். அவருக்குப் பயம் ஆட்டத்தில் இல்லை, இங்கிலீஷில். கோல்ஃப் விதிகள் மொத்தம் 25. ஒவ்வொன்றும் கைவிரல் மாதிரி அத்துப்படி. ஆனால் புத்தகத்தில் எழுதியிருக்கிற வாக்கியத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறதாம்.

அதனால் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மகள் விதிப் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்கிறாள். இவர் அதைக் கேட்டுவிட்டு, 'இது மாதிரி ஒருநாள் ஒருத்தர் பந்து தண்ணிக்குள்ள போச்சு...' என்று கதையாகச் சொல்கிறார். அவள் நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

"பந்தைத் தேடுற மூணு நிமிஷ ரூல் வந்ததும் புள்ள கேட்டுச்சு, 'ஏம்ப்பா, இவ்வளவு நேரத்துல நீ எப்படிப்பா கண்டுபிடிச்சே?'ன்னு. அன்னிக்குத்தான் தம்பி, அப்பா என்ன வேலை பார்த்தேன்னு அதுக்குப் புரிஞ்சுது."

கடைசிப் பந்து

கிளம்பும் முன், குழிக்குள் பந்தைத் தள்ளிப் பழகும் புட்டிங் கிரீனுக்குக் கூட்டிப் போனார். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். டிவியில் பார்த்தால் குழந்தைகூடப் போட்டுவிடும் போலிருக்கும். ஆறு அடி தூரத்திலிருந்து நான் பத்து தடவை தள்ளி, இரண்டு விழுந்தது. "எல்லாரும் தூரம் அடிக்கத்தான் வர்றாங்க. ஆனா ஒரு குழிக்கு ரெண்டு புட்டுன்னுதான் கணக்கே போடுறாங்க. 72 அடியில 36 இங்கதான்" என்றார். ஆட்டத்தில் பாதி! சௌராசியா இதில் கில்லாடி என்பதால்தான் அவருக்கு 'சிப்புட்சியா' என்று செல்லப் பெயர். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021-ல் நடந்தபோது பெங்களூர் பொண்ணு அதிதி அசோக் நாலாவது இடம் பிடித்தாரே, ஞாபகம் இருக்கா? நாலு நாள் ஆட்டத்தில் வெண்கலம் கை நழுவியது ஒரே ஒரு அடியில்.

பக்கெட்டில் மிச்சம் ஒரு பந்து இருந்தது. "இதையும் அடிச்சுட்டுப் போ" என்றார்.

குழந்தையின் கையைப் பிடிப்பது போலப் பிடித்தேன். கிட்டிப்புள்ளை நினைத்துக்கொண்டேன். தலையைக் குனிந்து, சுற்றினேன். கையில் எதுவும் பட்ட மாதிரியே இல்லை. 'டக்'னு ஒரு சத்தம் மட்டும். பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர ரொம்ப ஆசையாக இருந்தது.

"பந்து எங்கே போச்சு ப்ரோ?"

அவர் நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷம்.

"நேராப் போச்சு தம்பி. நூறு போர்டைத் தாண்டி விழுந்திருக்கு. நீ பார்க்கலைல்ல? அதான் போச்சு."

*

ட்ரை பண்ணப் போறீங்களா?

* முதலில் மட்டை செட் வாங்காதீங்க. ரேஞ்சில் ஒரு 7-அயர்ன் கிடைத்தால் ஒரு மாதம் ஓட்டலாம்.

* வெளியாட்களை அனுமதிப்பதில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒவ்வொரு விதி. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்க. தெரிந்த மெம்பர் யாராவது இருந்தால் வேலை சுலபம்.

* காலர் டி-ஷர்ட், காட்டன் பேன்ட், ஷூ, தொப்பி, தண்ணி பாட்டில். காலை ஆறு மணி பெஸ்ட். எட்டுக்கு மேல் சென்னை வெயில் உங்களுக்கு கேடியாக வராது!

* முதல் நாளே நூறு பந்து அடித்தால் மறுநாள் பரீட்சை எழுத விரல் மடங்காது. நாற்பது போதும்.

* ஒருத்தர் மட்டையைச் சுற்றும்போது பேசக் கூடாது, அருகில் நிற்கவும் கூடாது. முதலாவது மரியாதை, இரண்டாவது மண்டைக்கு நல்லது.

* சொல்லித்தருகிறவரிடம் அவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க.